கண்ணை மூடாத செபம்

ஆரோக்கியசெல்வி மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்குப் போகிறவள். அவள் கணவன் சகாயராஜ் உப்பு லாரிகளில் மூட்டை ஏற்றி, லாரியோடே போய் இறக்கிவிட்டு வருகிறவன். அவர்களுக்கு ஒரே பிள்ளை. தமிழ்நிலா என்று பெயர். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

2004ஆம் வருடத்துக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சகாயராஜ் லோடோடு திண்டிவனம் போயிருந்தான். காலைப் பூசை முடிந்ததும் செல்வி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்க எக்கியார்குப்பத்துக் கரைக்குப் போனாள். முந்தின நாள் போட்ட ஆரஞ்சு கவுனையே பிள்ளை அடம்பிடித்து மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கடல் எழுந்து வந்தது. செல்வி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் இருவரையும் தூக்கிச் சவுக்குத் தோப்புக்குள் வீசியது. செல்வி ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டாள். பிள்ளையைத் தண்ணீர் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

அடக்கம் செய்த மண் காய்வதற்குள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "ஆண்டவருக்குப் பிடிச்ச பூவு, அதான் பறிச்சிக்கிட்டாரு" என்றாள் ஒருத்தி. ஊர் முழுக்கப் பூ இருக்கும்போது என் வீட்டு ஒற்றைச் செடியில்தான் கை வைக்க வேண்டுமா என்று செல்விக்குத் தோன்றியது. "உன்னை மட்டும் காப்பாத்தியிருக்காருன்னா, உன்னை வச்சி ஏதோ திட்டம் இருக்குது" என்றார் இன்னொருவர். அவரிடம் மட்டும் செல்வி வாய்திறந்து கேட்டாள்.

"என்னைத் தூக்கின கையால அவளையும் தூக்கியிருக்கலாமே. இன்னொரு கை இன்னா பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

அவர் எழுந்து போய்விட்டார். துக்கத்தில் இருப்பவள் அப்படித்தான் பேசுவாள் என்று வெளியே போய்ச் சொன்னார்.

மாசி பிறந்து உப்பள வேலை தொடங்கியது. பாத்திக்குத் தண்ணீர் கட்ட மோட்டாரைப் போட்டதும் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் ஓடி வரும். அந்தச் சத்தம் கேட்டால் செல்வி நின்ற இடத்தில் நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், எதுவும் தெரியாது. கூப்பிட்டால் காதில் விழாது. உடம்பெல்லாம் சில்லிட்டு, மூச்சு முட்டி, சவுக்கு மரத்தைக் கட்டிக்கொள்வதுபோலக் கைகள் வெறும் காற்றை இறுக்கும். கூட வேலை செய்கிறவர்கள் உலுக்கித்தான் அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வீட்டில் சகாயராஜ் பிள்ளையைப் பற்றிப் பேசுவதே இல்லை. "பாப்பா" என்று செல்வி தொடங்கினாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான். குடிக்கப் போகவில்லை. ரோட்டோரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவான்.

கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் செபக்கூட்டம் நடத்துகிறவர் பிரபாகரன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். சுனாமி வந்த வாரத்தில் கடையிலிருந்த மருந்தையெல்லாம் சும்மாவே கொடுத்தவர். பிணம் தூக்க ஆளில்லாதபோது தானே தூக்கியவர். தமிழ்நிலாவைக் குழியில் இறக்கியபோதும் ஒரு பக்கம் பிடித்தவர். அதனால்தான் அவர் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வா தங்கச்சி. உனக்காகவே செபிக்கிறோம்" என்று அவர் கூப்பிட்டார். செல்வி போனாள்.

"கண்ணை மூடு. எல்லாத்தையும் மறந்துட்டு ஆண்டவர் பாதத்துல விழு" என்றார் பிரபாகரன்.

அவள் கண்ணை மூடினாள். மூடிய இருட்டுக்குள் ஆண்டவர் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. அலறிக்கொண்டு எழுந்தாள். பிரபாகரன் அவள் தலையில் கை வைத்து, பயத்தின் ஆவியே வெளியே போ என்று அதட்டினார். மற்றவர்களும் அவளை நோக்கிக் கை நீட்டிச் சத்தமாகச் செபித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதுவே நடந்தது. அதற்கடுத்த வெள்ளியும். தனக்குத்தான் விசுவாசம் போதவில்லை என்று செல்வி நம்ப ஆரம்பித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்ததும் இல்லாமல், ஒழுங்காகச் செபம் பண்ணக்கூடத் தெரியாதவள் என்ற பழியையும் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து சங்கீதா என்ற பெண் கவுன்சலிங் கொடுக்க மரக்காணம் வந்துபோய்க்கொண்டிருந்தாள். செல்வி அவளிடம் போனது சகாயராஜுக்குக்கூடத் தெரியாது.

"எந்த நேரத்துல இது அதிகமா வருதுக்கா?" என்று சங்கீதா கேட்டாள்.

"செபம் பண்றப்ப" என்றாள் செல்வி. சொல்லும்போதே அழுகை வந்தது.

சங்கீதா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "செபம் பண்றப்ப இன்னா பண்ணுவீங்க?"

"கண்ணை மூடுவோம்."

"அப்ப திறந்து வச்சிக்கிட்டே பண்ணுங்களேன்."

"அப்படிப் பண்ணலாமா?"

"உங்க சாமியை எனக்குத் தெரியாதுக்கா. உங்களுக்குத்தான் தெரியும். கண்ணைத் திறந்துக்கிட்டு இருந்தா கோச்சிக்குவாரா?"

செல்வி யோசித்துப் பார்த்தாள். கோபித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"தண்ணி வர்ற மாதிரி இருந்தா, எதிர்ல இன்னா இருக்குதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்க. காலு தரையில படுதான்னு பாருங்க. அது நடந்தது நிஜம்தான்க்கா. ஆனா இப்ப நடக்கல. அதை உங்க உடம்புக்குத்தான் சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றாள் சங்கீதா.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் செல்வி கோயிலுக்குள் போனாள். உள்ளே யாரும் இல்லை. செருப்பில்லாத காலைத் தரையில் அழுத்தி உட்கார்ந்துகொண்டு பீடத்தைப் பார்த்தாள்.

"ஃபேன் ஓடல" என்றாள் மெல்லிய குரலில். "சூசையப்பர் சிலை காலுக்குப் பின்னாடி பல்லி இருக்குது. மெழுகு ஒழுகிக் காஞ்சி கிடக்குது. என் கையில உப்பு வெடிப்பு எரியுது. தரை ஜில்லுனு இருக்குது." காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். "பாப்பா இல்ல."

தண்ணீர் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது. அது வேறு அழுகை. அவள் எதையும் கேட்கவில்லை, எதற்கும் நன்றி சொல்லவில்லை. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னாள், அவ்வளவுதான். எதிரே சிலுவையில் இருந்தவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளை போனதிலிருந்து தன் முழுப் பேச்சையும் ஒருவர் குறுக்கிடாமல் கேட்டது இதுதான் முதல் முறை என்று அவளுக்குப் பட்டது.

அதன் பிறகு உப்பளத்திலும் அப்படியே செய்தாள். மோட்டார் சத்தம் கேட்டதும் காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, வரப்பு இருக்குது, வெயில் இருக்குது, நான் இங்க இருக்கேன் ஆண்டவரே என்று முணுமுணுப்பாள். சில நாள் அது உதவியது. சில நாள் உதவவில்லை. உதவாத நாளிலும் முன்பைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் கண் திறந்திருப்பதைப் பிரபாகரன் பார்த்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் நிறுத்திக் கேட்டார்.

"இன்னா தங்கச்சி, எல்லாரும் செபத்துல இருக்கறப்ப நீ மட்டும் வேடிக்கை பாக்கற?"

"நானும் செபம்தான் பண்றேன்ணே. கண்ணை மூடினா தண்ணி வருது."

"வரட்டுமே. அதுக்குள்ள போய்த்தான் ஆண்டவரைப் பாக்கணும். யாரு சொல்லிக்குடுத்தது இது? அந்தப் பாண்டிப் பொண்ணா? அது நம்ம வேதக்காரப் பொண்ணுகூட இல்லையே."

பிள்ளையைக் குழியில் இறக்கிய கை என்பதால் செல்வி எதுவும் பேசாமல் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உடைந்துபோகிற மாதிரி தேய்த்தாள். வரட்டுமே என்கிறாரே, அவர் முழுகியிருந்தால் தெரியும் என்றாள். "பெரிய மனுஷன், விடு" என்றான் சகாயராஜ். விடு என்பதைத் தவிர இந்த ஊரில் வேறு சொல்லே கிடையாதா என்று அவள் கேட்டாள். அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அந்த வருடம் முடியும் சமயத்தில், சுனாமி வந்த நாளன்று கடற்கரையில் பெரிய செபக்கூட்டம் ஏற்பாடானது. பிரபாகரன் செல்வியின் வீடு தேடி வந்தார்.

"நீ வந்து ஒரு சாட்சி சொல்லணும். ஆண்டவர் என் துக்கத்தை மாத்திட்டாருன்னு ஒரு வார்த்தை. உன்னைப் பாத்து நாலு பேருக்குத் தைரியம் வரும்."

"மாத்தலியேண்ணே."

"சொல்லச் சொல்ல மாறும்."

"நடக்காததை நடந்துச்சுன்னு ஆண்டவர் பேரைச் சொல்லிச் சொல்ல மாட்டேன்."

பிரபாகரன் பெருமூச்சு விட்டார். "சரி, பேச வேணாம். செபிக்கிறப்ப என் பக்கத்துல வந்து நில்லு, போதும்" என்றார். அதற்கு மட்டும் அவள் ஒப்புக்கொண்டாள்.

கரையில் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். சுற்று வட்டாரக் குப்பங்களிலிருந்து எல்லா மதத்து ஜனங்களும் வந்திருந்தார்கள். பங்கு ஃபாதர் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். சகாயராஜ் கூட்டத்துக்குப் பின்னால், போய்விடத் தோதாக ஓரத்தில் நின்றான். செல்வி மேடையில் பிரபாகரன் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தாள். பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

பிரபாகரன் மைக்கைப் பிடித்தார். "இதோ நிக்கிறாங்களே நம்ம சகோதரி, போன வருஷம் இதே கரையில மகளைக் குடுத்தவங்க. இன்னைக்கு ஆண்டவர் இவங்களை முழுசாச் சொஸ்தப்படுத்திட்டாரு" என்றார். கூட்டத்தில் சிலர் அல்லேலூயா சொன்னார்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்க."

செல்வி மூடவில்லை. பிரபாகரன் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஒரு கையால் அவள் பின்தலையைப் பிடித்து, மறு உள்ளங்கையை அவள் கண்கள் மேல் வைத்து அழுத்தினார்.

இருட்டு. இருட்டோடு தண்ணீர். மூக்கில் உப்பு ஏறியது. கையிலிருந்து சின்னக் கை உருவிக்கொண்டு போனது. செல்வி காலைத் தேடினாள். கால் இருந்தது. காலடியில் பலகை இருந்தது. பலகையில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தது. குதிகாலை அந்த ஆணியில் அழுத்தினாள். வலித்தது. அந்த வலியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, கண் மேலிருந்த கையின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள்.

"கையை எடுங்க" என்றாள். மைக் அதை ஊருக்கே சொன்னது.

பிரபாகரன் கையை எடுத்தார். கூட்டம் கண்ணைத் திறந்தது. செல்வி மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஆறல. இவரு சொன்னது பொய். நான் கண்ணைத் திறந்து வச்சிருக்கறது நம்பிக்கை இல்லாம இல்ல. மூடினா நான் இங்க இருக்க மாட்டேன், அந்தத் தண்ணியில இருப்பேன். நான் இங்க இல்லாதப்ப ஆண்டவர் வந்து யாரைப் பாப்பாரு?" மூச்சு வாங்கினாள். "என் புள்ளையை நான் யாருக்கும் குடுக்கல. புடுங்கிக்கிட்டுப் போச்சு. அவ பூவும் இல்ல, திட்டமும் இல்ல. அவ பேரு தமிழ்நிலா."

இறங்கி நடந்தாள். யாரும் கை தட்டவில்லை. சாமி காரியத்தில் இப்படியா பேசுவது என்று ஒரு குரல் கேட்டது. ஒரு மீனவப் பெண் மட்டும் வழியில் அவள் முழங்கையைத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டாள். பின்னால் பிரபாகரன் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

சகாயராஜ் ஓரத்திலேயே நின்றிருந்தான். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் அவன் எங்கும் கிளம்பவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு இன்னா ஆச்சு, சொல்லு" என்றான்.

ஒரு வருடமாக அவன் கேட்காத கேள்வி. செல்வி அவன் எதிரே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இரண்டு தடவை அவன் முகம் வாசல் பக்கம் திரும்பியது. எழுந்திருக்கவில்லை.

"ஓடறப்ப செருப்பு கழண்டுபோச்சு. 'அம்மா என் செருப்பு, அம்மா என் செருப்பு'ன்னா. வேற வாங்கிக்கலாம் வாடின்னு இழுத்தேன். அதுதான் கடைசியாப் பேசினது."

"செருப்பா கேட்டுச்சு?"

"ஆமா."

"நான் வாங்கிக் குடுத்ததுதான் அது. கிறிஸ்துமஸுக்கு." அவன் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான். பிறகு கைகளை விலக்கிவிட்டு, அவளைப் பார்த்தபடியே அழுதான்.

பிரபாகரன் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, "விருப்பம் உள்ளவங்க கண்ணை மூடலாம்" என்று விருப்பமே இல்லாத குரலில் சொன்னார். செல்வி முதல் வரிசையில்தான் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செபம் பண்ணினாள். கோபம் தீரவில்லை, தீரவில்லை என்பதையும் ஆண்டவரிடம் அப்படியே சொன்னாள்.

புது வருடத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஃபாதர் அவளைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதான் செல்வி. இடம்தான் சரியில்ல. அத்தனை பேருக்கு முன்னாடி அவரை..."

"என் கண்ணைப் பொத்தினது எந்த இடத்துல ஃபாதர்?"

ஃபாதர் அங்கியின் மணிக்கட்டுப் பகுதியைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த வருஷம் எப்படிச் செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

"செத்தவங்க பேரை வாசிங்க. ஒவ்வொரு பேரா, மெதுவா. எங்களைப் பாத்து வாசிங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் வேணாம். எதுக்காகப் போனாங்கன்னு யாரும் எங்களுக்குச் சொல்ல வேணாம்."

"பிரசங்கம் இல்லாமலா?"

"ஆமா ஃபாதர்."

"பாக்கலாம்" என்றார் அவர்.

"பாக்கலாம்னு சொல்ல வேணாம். செய்யறேன்னு சொல்லுங்க" என்றாள் செல்வி. அவர் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.