வலது தோளுக்கு வரும் பந்து

மின்சார அலுவலகத்தின் பில் பிரிவில் அவளை ‘சர்வீஸ் மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ரொம்ப வருஷம் சர்வீஸ் போட்டவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவளைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அது வாலிபால் சர்வீஸ் என்று யாராவது சொன்ன பிறகு சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். அவளுக்கு அந்த வேலை கிடைத்ததே சர்வீஸ் போடும் அந்தக் கையால்தான்.

அவளுக்கு ஒரு தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில், பழைய நோயாளிகளின் கேஸ் கட்டுகளை அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுக்கும் அறையில் தற்காலிக வேலை பார்த்தாள். அவளும் ஆஸ்பத்திரி டீமில் ஆடுகிறவள்தான். டீம் நன்றாக ஆடினால் வேலையை நிரந்தரமாக்குவதாக அதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அம்மா தங்கையோடு இருந்தாள்.

தங்கை ஆட்டத்துக்கு வந்ததே அக்காவுக்குப் பந்து பொறுக்கிப் போட்டுத்தான். சின்ன வயதில் அக்கா காலி மனையில் கயிறு கட்டி சர்வீஸ் அடித்துப் பழகுவாள். தங்கை அந்தப் பக்கம் நின்று, ஓடுகிற பந்தை எல்லாம் துரத்திக் கொண்டுவருவாள். ஓடி ஓடிக் கால் வலித்துப்போய், பந்தை ஓடவிடாமல் கையிலேயே வாங்கிவிட்டால் மிச்சம் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அப்படித்தான் சர்வீஸ் எடுக்கக் கற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரி டீமில் அவளுக்குப் பெயர் ‘பசை’. பந்து வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு பந்துதான் ஒட்டாது. வலது தோளுக்கு நேரே மெதுவாக மிதந்து வருவதுபோல் வந்து, கடைசியில் சடக்கென்று விழுகிற பந்து. அதற்கு வலது காலைப் பின்னால் எடுத்து இடம் விட வேண்டும். தங்கைக்கு இடது கால் முன்னால் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரும் அந்தப் பந்தை அந்த இடத்துக்கு அத்தனை துல்லியமாகப் போட்டதில்லை.

அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் அந்த வருஷம் மின்சார அலுவலகமும் ஆஸ்பத்திரியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. கடைசி செட் வரை போய் இரண்டு டீமும் சமமாக நின்றன. அக்காவின் முறை வந்தது. அவள் பந்தோடு லைனுக்குப் போவதற்குள் கோச் டைம்-அவுட் கேட்டார். அவர் லைன்மேனாக இருந்து, கம்பம் ஏறி இறங்கியே முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். நொண்டிக்கொண்டே வந்து அவளைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோனார்.

“யாருக்குப் போடப்போற?”

“நாலாம் நம்பருக்கு சார்.” அது தங்கை இல்லை, தங்கைக்குப் பக்கத்தில் நின்றவள்.

“நாலாம் நம்பர் காலைலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டிருக்கா. அவளுக்குப் போட்டு என்ன பண்றது, கைதட்டுறதா?”

அவள் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பிடித்தாள்.

“பந்த அந்தப் பக்கம் தள்ளுறதுக்குப் பேரு சர்வீஸ் இல்லம்மா. யாரால எடுக்க முடியாதோ, அவங்களப் பார்த்துப் போடணும். இத நான் உனக்குச் சொல்லணுமா? எங்க விழும்னு உனக்குத்தான் தெரியும்.”

முதல் பந்தை அவள் நாலாம் நம்பருக்கே போட்டாள். அந்தப் பெண் சொகுசாக எடுத்தாள். பந்து நெட்டுக்கு மேல் போய்ப் போய் வந்து, செத்துப் பிழைத்து அந்தப் புள்ளி மின்சார அலுவலகத்துக்குக் கிடைத்தது. கோச் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த பந்தைத் தங்கைக்குப் போட்டாள்.

உயரமாகத் தூக்காமல், சுழலவிடாமல், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே ஒரு தட்டு. தட்டியதும் கையை நிறுத்திவிட வேண்டும். பந்து ஆடிக்கொண்டே போய்த் தங்கையின் வலது தோளுக்கு முன்னால் விழுந்தது. இடது கால் முன்னால் வந்தது. பந்து அவள் முழங்கையில் பட்டு வெளியே போனது. மறுபடியும் அதே பந்து. மறுபடியும் அதே கால். மூன்றாவதில் தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கோபமில்லை. சின்ன வயதில், ‘இரு அக்கா, இன்னும் நான் ரெடியாகல’ என்று சொல்லும்போது இருக்கும் முகம். ஆஸ்பத்திரி டீமில் ஆள் மாற்றும் வாய்ப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவளை வெளியே கூப்பிட வழியில்லை.

அக்காவுக்கு அப்போது வருத்தமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கை நினைத்த இடத்துக்குப் பந்து போய் விழுகிற சுகம் உடம்பெல்லாம் பரவியிருந்தது. மின்சார அலுவலகம் ஜெயித்து, நடுவர் விசில் ஊதிய பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. நெட்டுக்குக் கீழே எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். தங்கையின் கை ஜில்லென்று இருந்தது.

“நல்ல சர்வீஸ்க்கா,” என்றாள் தங்கை.

அடுத்த மாதம் தங்கையின் வேலையை ஆஸ்பத்திரி நீட்டிக்கவில்லை. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தங்கையின் வீட்டுக்கு அக்கா போனபோது அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அங்கிருந்தே பேசினாள்.

“அந்தப் பக்கம் ஆறு பேரு நின்னாங்களாமே. உனக்கு இவதான் கண்ணுல பட்டாளா?”

“ஆட்டம்மா அது.”

“உனக்கு ஆட்டம். இவளுக்கு அது சோறு.”

“அம்மா, சும்மா இரு,” என்றாள் தங்கை. அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அக்காவுக்கு மூச்சு வந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கையே அக்காவைத் தேடி வந்தாள். சர்க்கரை ஆலையில் பெண்கள் டீம் புதிதாகத் தொடங்குகிறார்களாம், ஆள் எடுக்கிறார்களாம்.

“சர்வீஸ் எடுக்குற ஆளுதான் அவங்களுக்கு வேணுமாம். எந்தப் பந்துல என்னை உடைச்சியோ, அந்தப் பந்தையே எனக்குப் போடு. எடுத்துப் பழகிட்டேன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“கண்டிப்பா போடுறேன்டி,” என்றாள் அக்கா. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

காலையில் அலுவலகம் போவதற்கு முன் மின்சார அலுவலகத்தின் பின்பக்க மைதானத்தில் இருவரும் பழகினார்கள். அக்கா தன் வித்தையை ஒளிக்காமல் எடுத்துவைத்தாள். “பந்தப் பார்க்காத, என் கையப் பாரு. தட்டுனதும் கை நின்னுச்சுன்னா பந்து ஆடும். கை தொடர்ந்து கீழ வந்தா பந்து சுத்தும், நேரா வரும்.” புரியட்டும் என்று தங்கையையே அந்த சர்வீஸ் போடச் சொன்னாள். தங்கைக்குக் கை நிற்கவில்லை. பந்து பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டு நெட்டில் போய் விழுந்தது. “இத வெச்சு எறும்பக்கூடக் கொல்ல முடியாது,” என்று அக்கா சொல்ல, பல நாளைக்கு அப்புறம் இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் எடுக்கும் வேலை தேறவில்லை. வலது காலைப் பின்னால் எடுக்க அக்கா சொல்லிக்கொடுத்தாள். கோடு போட்டுக் காட்டினாள். கையால் பந்தை எறிந்து பழக்கினாள். எறிந்தால் கால் சரியாகப் போகும். சர்வீஸ் லைனில் போய் நின்று அடித்தால் பழைய கால்தான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போகப் போக, முன்பு கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பந்துகளுக்கும் அவள் தடுமாற ஆரம்பித்தாள். அக்கா கையைத் தூக்கும்போதே அவள் தோள் இறுகுவது நெட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, “இன்னொண்ணு,” என்பாள். விட்டுவிட்டு மறுபடியும், “இன்னொண்ணு.”

முந்தின ராத்திரி மழை பெய்து தரை ஈரமாக இருந்த ஒரு காலை. தங்கை தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் சேறு. அவள் எழுந்து நின்றபோது அக்கா ஒரு பந்தைக் கொஞ்சம் மெதுவாகப் போட்டாள். தட்டியதும் கையை நிறுத்தாமல் லேசாகத் தொடரவிட்டாள். பார்வைக்கு அதே சர்வீஸ். போகிற இடமும் அதே இடம். ஆனால் பந்து கடைசியில் விழவில்லை, நேராகப் போனது. தங்கை அழகாக எடுத்தாள்.

“அக்கா!” என்று கத்தினாள்.

இன்றைக்கு ஒருநாள் மட்டும், ஒரு தெம்புக்கு, என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மறுநாள் பழையபடி அடிக்கத்தான் கையை ஓங்கினாள். அந்தப் பக்கம் தங்கை முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கை தானாகத் தொடர்ந்தது.

அக்காவின் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். ஒருநாள் மனைவியைக் கூட்டிப்போக வந்தவர், ஓரமாக நின்று பார்த்தார். தங்கை எடுத்த ஒவ்வொரு பந்துக்கும், “அப்படிப் போடு மச்சினி!” என்று விசிலடித்தார். தங்கை போன பிறகு வண்டியில் ஏறாமல் நின்றார்.

“ஏன், அவளுக்குன்னு வேணும்னே சுலபமாப் போடுறியா?”

“உங்களுக்கு என்ன தெரியும் இதப் பத்தி?”

“பந்தப் பத்தித் தெரியாது. எங்க வண்டில என் கால் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கும். நான் அதுலயே கால வெச்சிருந்தேன்னா, பக்கத்துல இருக்குற ஆளு தானே ஓட்டுறோம்னு நம்பிக்கிட்டிருப்பாரு. அப்படி ஒருத்தர நான் டெஸ்டுக்கு அனுப்பமாட்டேன்.”

“அவ இன்னும் கொஞ்சம் தைரியமாகட்டும். அப்புறம் நிஜமாப் போடுறேன்.”

அவர் வண்டியில் ஏறிக் கிளப்பினார். அந்த ‘அப்புறம்’ வருவதற்கு முன்னால் ஆலையின் தேர்வு நாள் வந்துவிட்டது.

அக்கா லீவு போட்டுவிட்டுத் தங்கையோடு போனாள். ஆலை மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே விடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சர்வீஸ் போட்டது நெட்டையான ஒரு பெண். பெரிய ஆட்டக்காரி ஒன்றும் இல்லை. அக்காவின் பாதிப் பலம்கூட அவள் கையில் இல்லை. ஆனால் தட்டியதும் கை நின்றது. பந்து ஆடியது.

முதல் பந்துக்குத் தங்கை சிரித்துக்கொண்டே போய் நின்றாள், தெரிந்த பந்து என்று. அது அவள் கைக்கு முன்னால் விழுந்தது. இரண்டாவது தோளில் பட்டது. அதன் பிறகு எந்தப் பந்துக்கு எந்தக் கால் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு பந்துக்கு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிவிட்டாள், குழந்தை மாதிரி. தேர்வாளர் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அதட்டவில்லை, “போதும்மா, தண்ணி குடி,” என்றுதான் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

“எப்பலேர்ந்துக்கா?”

அக்காவுக்குப் புரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

“தரை ஈரமா இருந்துச்சே, அன்னைக்கிலேர்ந்தா?”

“ஆமா.”

“அன்னைக்கு வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொன்னேன், அக்கா சர்வீஸ எடுத்துட்டேன்னு. அம்மா இனிப்பு பண்ணாங்க.”

“நீ உடைஞ்சுபோயிடுவியோன்னு பயந்துட்டேன்டி.”

“ஃபைனல்ல நீ முழு பலத்தோட போட்ட. அதுல எனக்குக் கோவமே வரல. எதிர்ல ஒரு ஆளு நிக்கிறான்னு நினைச்சுத்தான போட்ட.” தங்கையின் குரல் உயரவில்லை. “அதுக்கப்புறம்தான் என்னை ஒரு ஆளா நினைக்கல.”

“நாளைக்கே வா. நிஜமாப் போடுறேன். எத்தனை நாளானாலும் சரி.”

“நீ நிஜமாப் போட்டாலும் இனிமே எனக்கு எப்படித் தெரியும்?”

தங்கை தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து போய்ப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அக்கா மறுநாள் காலை மைதானத்தில் போய்க் காத்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். தங்கை வரவில்லை. வீட்டுக்குப் போனால், “தூங்குறா,” என்றாள் அம்மா. செருப்பு வாசலில் இருந்தது. உள்ளே ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமும் மின்சார அலுவலகமே கோப்பையை ஜெயித்தது. அக்காவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கை கெட்டுப்போகும் என்று அவள் எதிர்பார்த்தாள், ஒருவிதத்தில் ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். அது பாட்டுக்கு நினைத்த இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பெண் தடுமாறினால், கோச் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் அவளுக்கே அடுத்த பந்தும் போனது. முன்பிருந்த சுகம் மட்டும் இல்லை. பில் அடிப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை.

தங்கை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஒருநாள் சாயங்காலம் அக்கா அங்கே போனாள். கடையில் நல்ல கூட்டம். தங்கை வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். அக்காவின் முறை வந்தது.

“என்னக்கா, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. தலைவலி.”

தங்கை மாத்திரை அட்டையைக் கத்தரித்து, கவரில் போட்டு, மேஜைமேல் வைத்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போடு. வெறும் வயித்துல போடாத.”

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன். மாமாவும் கேட்டுக்கிட்டே இருக்காரு. பந்து கிந்து எதுவும் பேசவேணாம். சும்மா வா.”

தங்கை மீதிச் சில்லறையைக் கவர்மேல் வைத்துத் தள்ளினாள். முகத்தில் கடுமை எதுவும் இல்லை. யாருக்கும் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

அக்கா தள்ளிக்கொண்டாள்.