தடம் பதினான்கு

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் படுத்திருக்கிறது. நிற்க வேண்டிய பொருள்தான். நிற்க வைத்தால் அலமாரிக் கதவு சாத்தாது என்று என் கணவர் அதைப் படுக்க வைத்துவிட்டார். வைஃபை பெட்டி அங்கேதான் இருக்கிறது, ஒயர் எட்டுகிறது, வேறு இடம் தேட அவருக்குப் பொறுமை இல்லை.

"இனிமே இதுதான் நம்ம வீட்டு சர்வர். வீட்ல இருக்கிற அத்தனை பாட்டும் இதுக்குள்ள இருக்கு. அவங்கவங்க போன்ல தட்டினா அவங்கவங்களுக்கு வேணுங்கிறது வரும். வெளியூர்ல இருந்தாலும் வரும்," என்றார்.

"செருப்புக்கு மேல வெச்சிருக்கியே, பாட்டு வாடை அடிக்காதா?" என்று கேட்டார் மாமியார்.

நான் ஒரு வார இதழில் இசை விமர்சனம் எழுதுகிறேன். அதனால் இந்த வீட்டில் என் காதுகளுக்குத் தனி மரியாதை. ரேடியோவைத் திருப்பும்போதுகூட என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். நான் புருவத்தைச் சுளித்தால் அந்த நிலையம் அன்றோடு ஒழிந்தது. இதில் எனக்குக் கூச்சம் உண்டு. உள்ளூரக் கொஞ்சம் குளிர்ச்சியும் உண்டு. எது அதிகம் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

ரேடியோவில் வந்த கச்சேரிகளை நான் காசெட்டில் பதிந்து வைத்திருந்தேன். கணவர் அவற்றையும் பொறுமையாக ஓடவிட்டு சர்வரில் ஏற்றினார். எங்கெல்லாம் பாட்டு நிற்கிறதோ அங்கெல்லாம் சர்வரின் மென்பொருள் வெட்டி, தடம் ஒன்று, தடம் இரண்டு என்று தானாகவே பெயர் வைத்துக்கொண்டு போனது.

ஒரு காலையில் கட்டுரை எழுதிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டுவந்தேன். தடம் பதிமூன்று வீணை. தடம் பதினான்கு, கச்சேரி இடைவேளையில் வந்த பல்பொடி விளம்பரம்.

'பளிச் பளிச் பல்லு, பக்கத்தில வந்து சொல்லு' என்று நாலைந்து குழந்தைகள் கத்துகின்றன. ஒரு டமாரம். கடைசியில், பல் மின்னுகிறதாம், 'டிங்'.

சிரித்துவிட்டு இன்னொரு முறை போட்டேன். பிறகு இன்னொரு முறை. அந்த 'டிங்' வரும் இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எகிறிக் குதித்து இறங்கியது. எந்த மேதையின் கச்சேரியிலும் அது குதித்ததில்லை. மேதைகள் பாடும்போது அதைப் பற்றி எழுதப்போகும் வாக்கியத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் கணவருக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. எந்த லிஃப்ட் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எனவே ஹால் டிவியில் ஒரு பலகையை வரவழைத்தார். யார் இப்போது என்ன கேட்கிறார்கள், யார் எதை எத்தனை தடவை கேட்டார்கள், எல்லாம் அதில் ஓடியது. சாயங்காலம் அதன் முன்னால் கைகட்டி நின்றார்.

"யம்மாடி! உன் பேர்ல ஒரே பாட்டு நாப்பத்தோரு தடவை. தடம் பதினாலு. எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்கூட இன்னிக்கு அவ்வளவு ஏறி எறங்கல."

"அப்படி என்ன அண்ணி அதுல?" என்றாள் நாத்தனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். எதையும் உற்றுப் பார்க்கிற பழக்கம்.

மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 'பல்பொடி' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு இந்த வீட்டில் யார் என் புருவத்தை மதிப்பார்கள்?

"அபூர்வமான பதிவு அது. சட்டுனு பிடிபடாது. காது பழகணும்," என்றேன்.

மூவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

மறுநாளே அதை என் போனில் இறக்கிக்கொண்டேன். இனி சர்வரின் கண்ணில் படாது. ஆனால் என் பெயருக்கு நேரே ஏதாவது ஓட வேண்டுமே. லேப்டாப்பில் ஐம்பது நிமிடத் தனி வீணையைப் போட்டு, சத்தத்தை அடியோடு குறைத்து மேஜையில் வைத்துவிட்டேன். பாவம், அந்த வீணைக்காரர் நாளெல்லாம் வாயடைத்துப்போய் வாசித்தார். நானோ காதில் இயர்ஃபோனோடு பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், பலகையில் மற்றவர்களின் ரசனையும் கிடுகிடுவென்று உயர்ந்தது. மாமியார் பெயரில் புல்லாங்குழல். நாத்தனார் பெயரில் நாலு வயலின். கணவர் பெயரில் முழுநீள ஆலாபனை. என்னால்தான் இந்தக் குடும்பம் உருப்பட்டது என்று நினைத்து, பொய்க்காரி நான், கண் கலங்கினேன்கூட.

ஒரு விடுமுறை நாள். கணவருக்கு மட்டும் வேலை; எங்கோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. நான் இயர்ஃபோனோடு துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். 'டிங்' வரும்போதெல்லாம் இடுப்பு தானாக ஒரு வெட்டு வெட்டியது. திரும்பினால் வாசலில் அவர், கையில் ஒரு சின்ன மின்விசிறியோடு.

"சர்வர் கொதிக்குது. அந்தச் சூட்டுல காலையில என் ஷூவோட அடி பிரிஞ்சு கையோட வந்துடுச்சு. நாலு பேரும் விடாம கேட்டா அது என்ன பண்ணும் பாவம், அதான் விசிறி வாங்கினேன்." பலகையைப் பார்த்தார். நாலு பெயர்களும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு வீட்டைப் பார்த்தார். "ஆமா, நாலு பாட்டு ஓடுது. வீடு ஏன் இப்படி கம்முனு கெடக்கு?"

நேரே மாமியார் அறைக்குப் போனார். தலையணை உறைக்குள் போன் சத்தமில்லாமல் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தது. மாமியார் ரேடியோவைக் காதில் அழுத்தி வெங்காய விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"ஏறிடுச்சுடா, வெங்காயம்."

நாத்தனார் தானாகவே வெளியே வந்தாள். "என்னையும் கேட்டுடாதே. எனக்குப் பாட்டுன்னாலே பிடிக்காதுண்ணா. சின்ன வயசுலேருந்தே. அண்ணி முன்னாடி எப்படிச் சொல்றது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பின்வாங்கினேன். இயர்ஃபோன் ஒயர் இஸ்திரிப் பெட்டியில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. 'பளிச் பளிச் பல்லு' என்று குழந்தைகள் ஹால் முழுக்கக் கத்தினார்கள்.

டிங்.

"அட, தடம் பதினாலு!" என்றார் மாமியார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"நீ சொன்ன அன்னைக்கே கேட்டேன். எனக்குப் பல்பொடிதான் கேட்டுச்சு. அபூர்வம்னு சொன்னியா, சரி, நமக்குத்தான் ஞானம் இல்லபோலனு புல்லாங்குழலை ஓடவிட்டுட்டு ரேடியோ கேக்கப் போயிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நன்றாகக் கேட்ட ஒரே காதை நான்தான் தலையணை உறைக்குள் தள்ளியிருக்கிறேன்.

"பல்பொடிதான் அத்தை. வேற ஒண்ணுமே இல்ல. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

சொன்னேன். வீடு இடிந்துவிழவில்லை. கணவர் மட்டும் இடுப்பில் கைவைத்து, "மூணு பேரும் சேர்ந்து என் சர்வரை ஏமாத்தியிருக்கீங்க," என்றார்.

"இருங்க. உங்க ஆலாபனை இப்பவும் ஓடுதே," என்றேன், பலகையைக் காட்டி. "யாருக்குப் பாடுது?"

அவர் சட்டைப்பைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. சத்தமே இல்லை.

"நீ பார்ப்பியேன்னுதான்..." என்றார். காதுமடல் சிவந்துவிட்டது. அவரை இவ்வளவு பிடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

விசிறியைப் பொருத்துகிற சாக்கில் செருப்பு அலமாரி முன்னால் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டினார்.

"தடம் பதினாலுன்னா யாருக்குப் புரியும்? ஒழுங்கா பேர் வெச்சுடறேன். வகை என்னனு கேக்குது. 'இதர'ல போடவா?"

இதரவா? எனக்குள் இருந்த விமர்சகிக்குச் சுருக்கென்றது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். எழுதுகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் இவ்வளவு நேர்மையாக யோசித்திருக்கிறேனா என்பது சந்தேகம்.

"பக்தியில போடுங்க," என்றேன்.

"போட்டுட்டு இன்னொரு வாட்டி பாட விடுடா, சத்தமா," என்றார் மாமியார்.

"நான் கதவைச் சாத்திக்கிறேன்," என்று நாத்தனார் எழுந்து போனாள்.