காலித் தெருவில் இடப்பக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளே இல்லாத ஒரு தெருவில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடக் கொஞ்சம் மிகை. எதிரே வந்தது, கடந்து போனது, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முனையில் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அதைத் துரத்திக்கொண்டு போனதுதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது இருக்கும் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகின்றன. நான் வளர்ந்த இடத்தில் இடப்பக்கம். வந்த புதிதில் எல்லாரும் எச்சரித்தார்கள், நெரிசலில் சைக்கிளை எடுக்காதே என்று. நெரிசலில் ஒரு கஷ்டமும் இல்லை. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், கூட்டம் நம்மைச் சரியான பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தப்பு நடப்பது யாருமே இல்லாதபோதுதான். காலித் தெருவில் திரும்பினால் என் சைக்கிள் என்னைக் கேட்காமலே இடப்பக்கம் போய்விடும்.

அன்றும் போனது. எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. அதுவும் அதன் இடப்பக்கத்தில் வந்தது. ஒரு சத்தமில்லை, ஒரு தடுமாற்றமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நாகரிகமாகக் கடந்துபோனோம். இங்கே கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அதனால் என் பக்கம் இருந்தது அவருடைய காலி இருக்கை. அதற்கு அப்பால் ஒரு கண்ணாடி போட்ட முகம்.

முனைக்குப் போன பிறகுதான் உறைத்தது. நான் தவறான பக்கத்தில் வந்திருக்கிறேன். அவரும் தவறான பக்கத்தில் வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்ததால் இரண்டு பேரும் பிழைத்தோம்.

சைக்கிளை நிறுத்தி இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. என் தப்பைச் செய்கிற இன்னொரு ஆள் இந்த ஊரில் இருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: “சாம்பல் நிறக் காரை ஓட்டிக்கொண்டிருந்த அவன், தன் வாழ்க்கையும் இப்படித்தான் எதிர்த்திசையில் —”

வேண்டாம். சாலையைப் பார்த்தவுடன் வாழ்க்கையை இழுக்கிற வியாதி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: “அவர் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து இரண்டு பைகளோடு வந்தார். காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். முன்னால் ஸ்டியரிங் இல்லை.”

இது நிற்கட்டும். இது நான் கண்ணால் பார்த்தது. அடுத்த சனிக்கிழமை, சூப்பர்மார்க்கெட் வாசலில் சைக்கிள் நிறுத்துமிடத்தில், பூட்டும் கையுமாக நின்று பார்த்தேன். அதே சாம்பல் நிறக் கார், அதே முகம். அவர் உடனே இறங்கவில்லை. யாராவது பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று முன்னாலிருந்த சின்ன அறையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி துழாவினார். ஒரு கைக்குட்டையை எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, சாவகாசமாகச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார். அசடு வழிந்ததை மறைக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது போல, கன்னம் வலித்தது.

அவர் போன பிறகு வருந்தினேன். போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் எந்த மொழியில்?*

* காருக்குள் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார். அதில் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி. அம்புக்குறிக்கு மொழி கிடையாது. ஒரே ஒரு எழுத்து எழுதியிருந்தால்கூட இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

3

[இந்த இடத்தில் கதை சொல்பவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.]

காது கேட்கும் கருவிகளுக்கு, காதுக்குள் பொருந்தும் அச்சு செய்யும் பட்டறையில் வேலை. ஒவ்வொரு காதும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவுக்குத் தகுந்தபடி அச்சைத் தேய்த்து, மெருகேற்றி, வலது காதுக்குச் சிவப்புப் புள்ளி, இடது காதுக்கு நீலப் புள்ளி வைப்பேன். புள்ளி மாறினால் அந்த ஆளுக்குக் காதில் புண்தான் வரும். நான் இதுவரை மாற்றியதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது காது என் இடப்பக்கம் இருக்கும் என்பதும் எனக்குக் கைவந்த விஷயம். சாலையில்தான் தலைகீழாகிவிடுகிறது. அதனால் சைக்கிளின் வலது கைப்பிடியில் அதே சிவப்பில் ஒரு டேப் சுற்றிவைத்திருக்கிறேன்.

தேய்க்கிற மோட்டாரின் இரைச்சலுக்காக நாங்கள் எல்லாரும் காதை மூடிக்கொண்டுதான் வேலை செய்வோம். காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம், இரண்டும் இந்த ஊர் மொழியில். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இங்கேயே இருந்து செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இங்கே யாரிடமும் வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசி நாளாகிறது. சமைக்கும்போது வெங்காயத்திடம் பேச ஆரம்பித்திருக்கிறேன். அதுவும் பதில் சொல்லாது, நான்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

4

சரி, அந்த மனிதர். அவருக்கு நான் தமிழைக் கொடுத்தேன். இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற நாடுகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன, அவர் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். இருக்கட்டும். என் கதைதானே, இதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

ஒரு மனைவியையும் கொடுத்தேன். காலி இருக்கை உறுத்தியது.

“என்னங்க, நீங்க எந்தப் பக்கம் ஏறுறீங்க?”

“பழக்க தோஷம்.”

“அப்ப வண்டிய யாரு ஓட்டுறது, நானா?”

“நீ ஓட்டினா இன்னும் பத்திரமா இருக்கும்னுதான் தோணுது.”

“இந்த ஐஸ் வைக்கிற வேலையெல்லாம் வேணாம். இறங்கி வாங்க, பால் திரிஞ்சிடப் போகுது.”

எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன். இரண்டு குரலிலும் நானே. மாடியில் என் அறை, கீழே நாற்சந்தி. ஜன்னல் திறந்திருந்தது. போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் என்ன, அவர்களுக்குப் புரியவா போகிறது. மறுபடி படித்தேன். அந்த மனைவி என் அக்கா மாதிரியே பேசுகிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். எனக்குத் தெரிந்த மனைவி அவள் ஒருத்திதான்.

5

அக்கா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். இந்தப் பகுதியை நான் கற்பனை செய்யவில்லை.

“சாப்டியா?”

“ஆச்சு.”

“குரலே சரியில்லையே. பேசறதுக்காவது யாராவது இருக்காங்களா அங்க?”

“இருக்காங்கக்கா.”

“யாரு?”

“ஒரு சாம்பல் கலர் கார்க்காரர்.”

“பேரு?”

பேர் இன்னும் வைக்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“நம்ம பேச்சு பேசறவங்களா?”

“ஆமா. குடும்பமா இருக்காங்க. அவர் மனைவி உன்ன மாதிரியே பேசுவாங்க.”

[மனைவியைக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தனியாள் என்றால் அக்கா வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள்.]

 அக்காவின் குரல் இறங்கியது.

“நிஜமாத்தான் சொல்றியா? அடுத்த வாரம் நான் கூப்பிடறப்ப அவங்ககிட்ட போனக் குடு. ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். நீ கதை விடறியோன்னு இருக்கு எனக்கு.”

“எதுக்குக்கா கதை விடணும்?”

“விடறவதானே நீ. இங்க பாரு, அப்படி யாரும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. தப்பே இல்ல. கிளம்பி வந்துடு, மாமாவும் அதத்தான் சொல்றார். வாயில்லாப் பூச்சி மாதிரி அங்க உக்காந்து நீ ஒண்ணும் சாதிக்க வேணாம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.”

போனை வைத்த பிறகு அழுதேன். இதை நாசூக்காகச் சொல்ல ஒரு வாக்கியம் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. அழுதேன்.

6

ஆக இந்தக் கதைக்கு ஒரு வாரத்துக்குள் முடிவு வேண்டும். சிலவற்றை எழுதிப்பார்த்தேன்.

அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மனைவி பரிமாறுகிறாள். போன் அடிக்கிறது. அக்காவும் அவளும் முதல் வார்த்தையிலேயே ஒட்டிக்கொண்டு, என்னை மறந்துவிட்டு, என்னைப் பற்றியே — இனிப்பு அதிகம். நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. அதே காலித் தெரு. நான் இடப்பக்கம் வருகிறேன். எதிரே சாம்பல் நிறக் கார். ஆனால் இந்த முறை அவர் வலப்பக்கம் வருகிறார். பழகிவிட்டார். நான் இன்னும் பழகவில்லை. இருவரும் ஒரே ஓரத்தில், நேருக்கு நேர்.  மோதுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் பழகிவிடுவார், நான் மட்டும் என் தப்போடு தனியாக நிற்பேன் என்பதுதான் தாங்கவில்லை.

கடைசியாக ஒன்று. நான் போய்க் காரின் கண்ணாடியைத் தட்டுகிறேன். அவர் திறக்கிறார். எனக்குத் தெரியாத ஒரு மொழியில் மரியாதையாக ஏதோ கேட்கிறார். அதோடு இந்தக் கதையில் அவர் பேசியதெல்லாம் என் வாயிலிருந்து வந்தது என்று ஆகிவிடும்.*

* இப்போதும் அப்படித்தான். ஆனால் அவர் வாயைத் திறக்காத வரை அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

7

இன்று சனிக்கிழமை. போனேன்.

சைக்கிளைப் பூட்டாமலே நின்றேன். அவர் இரண்டு பைகளோடு வந்தார். வலப்பக்கக் கதவைத் திறந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஆனால் அவர் பைகளை அந்த இருக்கையில் வைத்தார், கதவைச் சாத்தினார், நேராகச் சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறிக்கொண்டார். ஒரு தயக்கம் இல்லை. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் காகிதத்தைக் காணோம்.

இன்று விட்டால் பிறகு அவரும் இந்த ஊர் மனிதர்களில் ஒருவர். அப்புறம் நான் எதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது?

ஓடினேன். வண்டி கிளம்புவதற்குள் கண்ணாடியைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் பார்க்கிறேன், அது வலப்பக்கக் கண்ணாடி. ஓட்டுகிறவர் அங்கேதான் இருப்பார் என்று என் கால்கள் அந்தப் பக்கமே போய்விட்டன. குனிந்து பார்த்தால் எதிரே இரண்டு பைகள்தான். அதற்கு அப்பால் அந்தக் கண்ணாடி போட்ட முகம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நிற்கிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் போய் அசடு வழிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற சிரிப்பு. பொத்தானை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது.

இத்தனை பக்கம் வசனம் எழுதியவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை. கடைசியில் தமிழில்தான் வந்தது.

“நீங்க பழகிட்டீங்க. எனக்குத்தான் இன்னும் வரல.”

அவர் வாயைத் திறந்தார்.

8

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். எழுதினால் அதுவும் என் குரலாகத்தான் இருக்கும். என் குரலை நான் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

ஆனால் நீங்கள் இதுவரை படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு இந்தப் பேச்சு தெரியும். ஒரு உதவி செய்யுங்கள். கொஞ்ச நேரம் அவருக்குப் பதிலாக அந்த இடப்பக்க இருக்கையில் உட்காருங்கள். பைகளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், என் முகம் தெரியும். உங்கள் வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கலாம்.

“                                        ”

நாளைக்கு அக்கா கூப்பிடுவாள். நான் குனிந்தபடியே நிற்கிறேன்.