லைலின் ஜாக்கெட்

துடுப்பு தம்பி வேடின் தோளில் விழுந்து வழுக்கியது. நெல்டா மறுபடி ஓங்குவதற்குள் போலீஸ் டெபுடி கிரோல் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவள் உதைத்த உதையில் பூட்ஸின் குதிகால் அவர் முழங்காலில் பட்டது. அவர் முனகினாரே தவிரப் பிடியை விடவில்லை.

"விடுங்க சார். அவன் போட்டிருக்கறது யாரு ஜாக்கெட்டுன்னு பாருங்க."

பார்க்காதவர் படகுத்துறையில் யாரும் இல்லை. அப்போதுதான் வந்து நின்ற ஆம்புலன்ஸின் பின்படியில் வேட் உட்கார்ந்திருந்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் மேலிருந்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சில் 'லைல்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. அப்பாவின் பெயர், அப்பாவின் எழுத்து. காலையில் ட்ரௌட் மீன் பிடிக்க அப்பாவும் மகனுமாக இரண்டு பேர் போனார்கள். ஒருவன்தான் கரையேறினான், அதுவும் மற்றவருடைய ஜாக்கெட்டில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுதான் நெல்டாவின் கேள்வி.

"உங்கப்பா கிடைக்கட்டும் நெல்டா. அப்புறம் பேசலாம்" என்றார் கிரோல்.

"என்ன பேசறது? போன வருஷம் வான்கோழி விருந்து அன்னிக்கு எங்க வீட்டு மேஜையில உக்காந்துக்கிட்டு அப்பாகிட்ட இவன் சொன்னான், ஒருநாள் உன்னைத் தண்ணியில அமுக்கிட்டுத்தான் போவேன்னு. நான் காதால கேட்டேன்."

அது பொய்யில்லை. அன்று லைல் மகனைச் சுவரோடு சேர்த்து அறைந்தார். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக வேட் திருப்பிக் கொடுத்தான். அப்பாவின் பல்லொன்று கிரேவிக் கிண்ணத்தில் விழுந்தது. லைலுக்குப் பேச்சென்றாலே கைதான். மகளை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை; அந்தக் கணக்கையும் சேர்த்து மகனிடம் தீர்த்துக்கொண்டார். சின்ன வயதில் தூண்டில் முடிச்சை ஒழுங்காகப் போடத் தெரியாமல் ஒரு மீனை விட்டதற்காக அவனைத் துணியோடு ஏரியில் தள்ளிவிட்டவர் அவர். நெல்டா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் ஏரியில் ஐஸ் உருகியதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். பின்னால் மோட்டார் மாட்டிய ஒடுங்கிய கேனோப் படகில் தனியாகப் போனால் முன்பக்கம் எழும்பிவிடும், காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். முன்னால் எடை வேண்டும். சிலர் கல் வைப்பார்கள். லைல் வேடை வைத்தார்.

ஆம்புலன்ஸ்காரப் பெண் அவன் கையைத் தொட்டதும் அவன் அலறினான். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, திசைக்கொன்றாகத் திரும்பியிருந்தன.

"இது எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் அவள்.

வேட் அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"அவரு அடிச்சாரு. புடிச்ச மீனை அடிச்சுக் கொல்ற தடியால."

"ஏன் அடிச்சாரு?" என்றாள் அந்தப் பெண்.

"தூண்டில் கொக்கி ஏரியில முங்கிப்போன அந்தப் பழைய பண்ணை வேலியில மாட்டிக்கிச்சு. தண்ணிக்கடியில முள்கம்பி இன்னும் அப்படியேதான் இருக்கு. நூலை அறுத்து விடுப்பான்னேன். கேக்கல. மோட்டாரைப் பின்பக்கமா ஓட்டினாரு."

கிரோல் கண்ணை மூடிக்கொண்டார். மோட்டாருக்காகத் தட்டையாக வெட்டிய பின்பக்கத்தை அலைக்குக் காட்டக் கூடாது என்பது அந்த ஏரிக்கரையில் பிறந்த நாய்க்கும் தெரியும். லைலுக்கும் தெரியும். ஆனால் வேட் சொல்லி அவர் கேட்பதா? ஒரு அலை உள்ளே வந்தது. அடுத்த அலைக்குக் கேனோ கவிழ்ந்தது.

அந்த ஏரியில் ஆண்பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வதில்லை, அதன்மேல் உட்காருவார்கள். படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். போட்டுக்கொண்டால் ஊர் சிரிக்கும். வேடின் ஜாக்கெட்டைக் காற்று கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது லைலுடையது ஒன்றுதான்.

"அதை நீ புடுங்கினே" என்றாள் நெல்டா. "அதான் அடிச்சாரு. இல்லேன்னு சொல்லுடா."

வேட் தன் வீங்கிய விரல்களைப் பார்த்தான்.

"இருக்கலாம்" என்றான். "எனக்கு ஒழுங்கா ஞாபகம் இல்லக்கா. அவரு சட்டைக் காலரை இறுக்கிப் புடிச்சிருந்தேன். அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

அவள் மறுபடி பாய்ந்தாள். இந்த முறை கிரோல் அவளை வண்டிக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரப் பெண் கத்தரிக்கோலால் ஜாக்கெட்டை முன்பக்கம் நீளமாக வெட்டினாள். அது ஈரத்தோடு சரளையில் தொப்பென்று விழுந்தது. வேடைக் கம்பளியில் சுற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு அவன், அப்பா வராமல் நகரமாட்டேன் என்று காலால் படியை உதைத்தான்.

தண்ணீரில் லைலைத் தேடி ஊர்ப் படகுகள் வரிசையாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. ட்ரௌட்டுக்குத் தூண்டில் இழுப்பது போலவேதான் இழுத்தார்கள், அதே வேகம், அதே வளைவு. நூலுக்குப் பதில் கயிறு, கயிற்றில் இரும்புக்கட்டி, அதில் பெரிய மூன்றுமுனைக் கொக்கிகள். நெல்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்க வேண்டும் போலிருந்தது. ஜாக்கெட்டை எடுத்தாள், ஏரியிலேயே வீசிவிட.

கையில் முடிச்சு தட்டுப்பட்டது.

லைல் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்த ஜாக்கெட்டின் பக்கிள்களெல்லாம் எப்போதோ உடைந்துவிட்டன. இடுப்புப் பட்டையை யாரோ முடிந்திருந்தார்கள். பட்டையை அதன்மேலேயே பலமுறை சுற்றி, முனையைத் திருப்பித் துளைக்குள் விட்டு இறுக்கிய தூண்டில் முடிச்சு. அதுவும் முதுகுப் பக்கத்தில்.

அவள் அதைத் தன் முதுகில் வைத்துப் பார்த்தாள். கை எட்டியது. ஆனால் சுற்ற முடியவில்லை. நல்ல விரல்களாலேயே முடியவில்லை.

"டேய். இதை யாரு கட்டினா?"

வேட் வெறித்துப் பார்த்தான்.

"நீயாடா கட்டினே?"

"எனக்கு அந்த முடிச்சு வராதுன்னு உனக்குத் தெரியாதா" என்றான் அவன். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. "பின்னால இருந்து... பின்னால இருந்து என்னை இடுப்போட புடிச்சு நெரிச்சாரு. அமுக்கறாருன்னு நெனச்சேன். முழங்கையால ஓங்கி இடிச்சேன். அவரு வாயில பட்டுச்சு. ரெண்டு தடவை இடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பி அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் உள்ள போனோம். அப்பதான் அடிச்சாரு. விடு நாயே, கரைக்குப் போடா நாயேன்னாரு. எப்பவும் சொல்றதுதானே." அவன் எழுந்தான். கம்பளி நழுவியது. "கடைசி வரைக்கும் அடிச்சாருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" வண்டியின் கதவில் நெற்றியால் முட்டினான். தகரம் அதிர்ந்தது. மறுபடி முட்டினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நெல்டா தடுக்கவில்லை.

மூழ்கிய வேலிப் பக்கமிருந்து ஒரு படகு மட்டும் திரும்பியது. அடுத்த வீட்டு ஆர்வின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

நாலு பேர் சேர்ந்து லைலைச் சரளையில் கிடத்தினார்கள். கொக்கி தோளைக் கிழித்திருந்தது. கீழுதடு இரண்டாகப் பிளந்து வெளுத்திருந்தது. மணிக்கட்டில் கயிற்று வளையம், அதில் அந்தத் தடி. சட்டைக் காலரில் பொத்தான் ஒன்றுகூட இல்லை.

வேட் வெறுங்காலோடு நடந்து வந்தான். பக்கத்தில் மண்டி போட்டான். உடைந்த விரல்களோடு கையைத் தூக்கி அப்பாவின் நெஞ்சில் அடித்தான். அடித்த வலியில் அவனே கத்தினான். மறுபடி அடித்தான். பிணத்தின் வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"டேய், என்னடா பண்றே" என்று கிரோல் ஓடி வந்தார். நெல்டா குறுக்கே நின்று இரண்டு கையாலும் அவர் மார்பில் தள்ளினாள்.

"கிட்ட வராதீங்க சார். அவன் அடிக்கட்டும்."

"நெல்டா, அது செத்த உடம்பு."

"அவன் அடிக்கட்டும்."

அடி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு மெதுவானது. பிறகு கை எழும்பவில்லை. வீங்கிய விரல்கள் பொத்தானில்லாத அந்தக் காலரின் மேல் கிடந்தன. மடக்கிப் பிடிக்க அவற்றால் முடியவில்லை.

நெல்டா தன் கோட்டைக் கழற்றினாள். பிணத்தின் முகத்தை மூடப்போகிறாள் என்று கிரோல் விலகி வழிவிட்டார். அவள் அதை வேடின் முதுகில் போர்த்தி, முன்னால் வந்து குனிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.