நஜ்முன் நிஸாவின் தோய்க்கிற கல்

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஆவணி வெயிலில், தொல்பொருள் உத்தியோகத்தர் அருளம்பலம் கிண்ணியாவில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்டார். வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தான். சட்டப் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேதான் திரிவார்.

தண்ணீர் வார்த்துக் கொடுத்த நஜ்முன் நிஸா ஆறு ஆண்பிள்ளைகளின் தாய். ஆறு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆறு பேரும் இடுப்பில் கட்டும் சாரங்கள் அழுக்காகப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அவர் ஒரு சாரத்தை முறுக்கித் தலைக்கு மேல் ஓங்கிய நேரம், அருளம்பலத்தின் கண் துணி தோய்க்கிற கல்லில் விழுந்தது. சவர்க்கார நுரைக்கு நடுவே எழுத்து!

"அடிக்காதேங்கோ!" என்று அலறினார்.

நஜ்முன் நிஸா ஓங்கிய கையோடு நின்றார். "ஆரை?"

"கல்லை!"

அருளம்பலம் முழங்காலில் விழுந்து நுரையை வழித்தார். நான்கு வரிகள். ஏதோ ஒரு கோயில் விளக்குக்கு யாரோ பசுக்கள் கொடுத்த செய்தி. சோழர் காலத்து எழுத்து. எழுந்து, புத்தகத்தை விரித்து, உரத்து வாசித்தார். இப்படியான பொருளைக் கண்டவர் உடனே அறிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் அசைக்கவோ பழுதாக்கவோ கூடாது.

"கொழும்பிலிருந்து ஆள் வந்து படியெடுக்கும் வரைக்கும் இதில தோய்க்க ஏலாது, அம்மா."

"அப்ப ஆறு பேர்ட சாரத்தை நான் எங்க தோய்க்கிற, ஐயா?"

அருளம்பலம் பக்கங்களைப் புரட்டினார். அதற்கு ஒரு பிரிவும் இல்லை.

நான்கு தடி நட்டுக் கயிறு கட்டிவிட்டு அவர் போய்விட்டார். கொழும்பிலிருந்து ஆள் வரவில்லை. மழைக்கு முன் வருவதாகக் கடிதம் மட்டும் வந்தது. மூன்று கிழமை கழிய, தோணித்துறையில் மூத்த மகன் அலியார் வந்து அவர் பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கட்டியிருந்த சாரம் பேசியது. தோணி அக்கரை சேரும் வரை அருளம்பலம் மூக்கைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

மனசு கேட்கவில்லை. அடுத்த நாளே தம்பலகாமம் போகிற வழியில், முள்ளுப் பற்றைக்குள் கிடந்த தட்டையான கல்லொன்றைக் கண்டார். மேலே தடவிப் பார்த்தார். எழுத்து ஒன்றும் இல்லை. வண்டில் பிடித்து ஏற்றிக்கொண்டுவந்து, தோய்ப்பதற்கென்று கிணற்றடியில் இறக்கிவைத்தார். நஜ்முன் நிஸா அவருக்குத் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் கொடுத்தார்.

நான்காம் நாள் காலையில், அருளம்பலம் வேலை செய்யும் கந்தோர் வாசலில் அலியார் நின்றான். "உம்மா ஒங்கள உடனே வரட்டாம்."

போனார். அவர் கொண்டுவந்த கல் குப்புறப் புரண்டு கிடந்தது. சுற்றிவர இதற்கும் நான்கு தடி, கயிறு.

"மேல்பக்கம் சொரசொரப்பு, சாரம் கிழியுது. அதான் புள்ளைகளை விட்டுப் பிரட்டினன்," என்றார் நஜ்முன் நிஸா. "பாருங்க."

இப்போது மேலே வந்திருந்த அடிப்பக்கத்தில் இரண்டு வரிசையாகத் தாமரை இதழ்கள். பழங்காலத் தூணொன்றின் பீடம்.

"கண்ட ஆள் அறிவிக்கணும் எண்டு நீங்கதானே வாசிச்சீங்க? நான் அறிவிச்சிட்டன். கண்ட பொறகு நான் ஒரு சாரமும் இதில அடிக்கல்ல. ஆனா ஒண்டு கேக்கணும். அனுமதியில்லாம இதை அங்கயிருந்து அசைச்சது ஆரு?"

"நான்தான், அம்மா."

"அப்ப என்ன செய்யிற?"

மறுபடியும் பற்றைக்குள் போட்டுவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. அந்த நினைப்பு அவருக்கு வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. கந்தோருக்குப் போய், 'அருளம்பலம் என்னும் உத்தியோகத்தர்' மீது அருளம்பலமே முறைப்பாடு எழுதி, கையெழுத்திட்டு, தபாலில் சேர்த்தார்.

படியெடுக்க வராத கொழும்பு, இதற்கு ஒரு கிழமைக்குள் வந்துவிட்டது. மேலதிகாரி கிணற்றடியில் கதிரை போட்டு இருந்து விசாரித்தார்.

"இவர் கல்லை அசைத்தது உண்மையா?"

"ஓம், உண்மை," என்றார் நஜ்முன் நிஸா. "ஆனா என்ட புள்ளைகள்ர சாரத்துக்காகத்தான் அசைச்சவர். தன்ட பேரைத் தானே எழுதிக் குடுத்த மனிசன். இவர வேலையால நிப்பாட்டினா, நாளைக்கு ஒருத்தரும் ஒண்டும் அறிவிக்கமாட்டாங்க."

மேலதிகாரி சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். எச்சரிக்கை ஒன்று எழுதினார். பீடத்தைக் கிடந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்து, இடத்தை அளந்து வரைபடம் அனுப்பச் சொன்னார். கூட வந்தவர்கள் அன்றே கல்வெட்டைப் படியெடுத்தார்கள். கல் மட்டும் கிணற்றடியை விட்டு அசையவில்லை; இனி ஒருநாளும் அதில் தோய்க்க முடியாது. அதற்குப் பாதுகாப்புப் பலகை ஒன்றும் வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருளம்பலம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அலியாரோடு சேர்ந்து சீமெந்து குழைத்தார். பலகை அடித்து, வார்த்து, சாந்தகப்பையால் நீவி, தோய்ப்பதற்கு ஒரு மேடை கட்டி முடித்தார். மூன்று நாளைக்கு ஒருவரும் தொடக் கூடாது என்றார்.

கை கழுவித் திரும்புவதற்குள், வீட்டுக் கோழி ஈரச் சீமெந்தின் மேல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆறுதலாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அருளம்பலம் சாந்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"விடுங்க தம்பி," என்றார் நஜ்முன் நிஸா, முதல்முறையாக 'ஐயா' என்று சொல்வதை விட்டுவிட்டு. "வந்து தேத்தண்ணி குடிங்க."

அவர் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனார்.