லாரி எடை மேடையில் ஸ்டீவன்

ஞானம்மா டீக்கடையில் மோசஸ் வைத்திருந்த பாக்கி எழுநூற்று அறுபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு. அதில் கடைசி இருபத்திரண்டு ரூபாய் கொண்டாட்டத்துக்கு ஏறியது. மகன் ஸ்டீவன் ஒரே வாரத்தில் நாலு கிலோ இளைத்துவிட்டான் என்று அப்பனும் பிள்ளையும் ஆளுக்கு ரெண்டு கிரீம் பன் தின்று, ஒரு பாட்டில் கலரும் குடித்திருந்தார்கள்.

பையனுக்குப் பத்து வயசு. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகப் பட்டை விழுந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து அவன் அம்மா ஆரோக்கியமேரி பீர்க்கங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தாள். தோல்தான் சிவந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா தராசில் நிறுத்தினார். ஐம்பத்து நாலு கிலோ. ரத்தமும் எடுத்துப் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. சர்க்கரை வியாதி வரலாம்னு ஒடம்பு காட்டற அடையாளம். மூணு மாசம் எடை ஏறாம பாத்துக்கோங்க. வளர்ற பையன், உயரமானா சரியாயிடும். ஏறிச்சுன்னா மாத்திரை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்."

"கேட்டியாடா?" என்று மோசஸ் பையன் தலையில் தட்டினான்.

"அவனை ஏன் தட்டறீங்க? கடையில காசு குடுக்கறது அவனா? உங்க ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். அவன் தின்னக் கூடாததை நீங்களும் தின்னாதீங்க. சாயங்காலம் மூணு பேரும் சேந்து நடங்க."

மாத்திரை என்றதும் மோசஸ் பையனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். அவன் அப்பாவுக்குச் சர்க்கரையில் ரெண்டு கால்விரல் போனது. பிள்ளைக்கு அது வரக் கூடாது.

வீட்டில் தராசு கிடையாது. ஆனால் அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஏற்றுகிறவன். மில் வாசலில் லாரி எடை மேடை இருந்தது. அறுபது டன் தாங்குகிற மேடைக்கு ஒரு பையன் எம்மாத்திரம் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டீவனை அதன் நடுவில் நிறுத்தினான். கேபின் ஜன்னலில் சிவப்பு எழுத்தில் 50 என்று விழுந்தது. பிறகுதான் அந்த இருபத்திரண்டு ரூபாய்.

அடுத்த ஞாயிறு, அதிசயத்தைக் கண்ணால் பார்க்க ஆரோக்கியமேரியும் பூசை முடிந்த கையோடு கோயில் புடவையிலேயே வந்தாள். பையன் ஏறி நின்றான். 60 என்று விழுந்தது.

"இன்னாய்யா இது," என்றாள். "போன வாரம் அம்பது, இந்த வாரம் அறுவது. இன்னா போட்ட புள்ளைக்கு?"

"நீ ஊத்தற கேவுரு கூழுதான்."

"கூழுல பத்து கிலோ ஏறுமா?"

மோசஸ் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தான். வானத்துச் சம்மனசு நேரில் இறங்கிக் கணக்குக் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"பன்னு," என்றான்.

"இன்னா பன்னு?"

"கிரீம் பன்னு. போன வாரம் ரெண்டு. அதுக்கு முன்னாடி தெனம் ஒண்ணு. பஜ்ஜியும் உண்டு. ஞானம்மா கடையில பாக்கி நிக்குது. எழுநூத்தி அறுவத்தி மூணு."

"அம்பது காசு," என்றான் மேடையில் நின்ற ஸ்டீவன்.

கேபினிலிருந்து அரசப்பன் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். அந்த எடை மேடை அவன் பொறுப்பு. "யக்கா, இது லாரி மிஷினு. பத்து பத்தாதான் காட்டும். அம்பத்தி நாலுன்னா அம்பதும்பான், அம்பத்தஞ்சுன்னா அறுவதும்பான். ஒம் புள்ள ஏறுனது ஒரு கிலோதான் இருக்கும்."

"இத்த போன வாரமே சொல்றதுக்கு இன்னா?" என்றான் மோசஸ்.

"நீ எங்க நின்ன? பையனைத் தோள்ல தூக்கிக்கினு ஓடிட்டியே."

இனி தெரிந்து என்ன? வாயை விட்டாயிற்று. அவள் முன்னால் நடந்தாள். அப்பனும் பிள்ளையும் பின்னால் போனார்கள். வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யக்கா, எங்க பாக்கி எவ்ளோ?" என்று கடையில் கேட்டாள் ஆரோக்கியமேரி.

ஞானம்மா நோட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, நிதானமாகக் கேட்டாள். "ஒம் பக்கமா, அவரு பக்கமா?"

மோசஸ் மெல்லத் திரும்பினான். "ஒம் பக்கமா?"

ஆரோக்கியமேரி பஜ்ஜிச் சட்டியை மிகவும் கவனமாகப் பார்த்தாள். ஞானம்மா படித்தாள். பாதாம் பால், மசால் வடை, மறுபடி பாதாம் பால். அவள் பேக்கிங் கம்பெனி வேலை முடிந்து, டியூஷனிலிருந்து பையனைக் கூட்டி வருகிற சாயங்காலமெல்லாம் அதில் இருந்தது. முன்னூற்றுப் பதினெட்டு ரூபாய்.

மோசஸ் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவள் கொஞ்ச நேரம் கோபமாக நின்று பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் குலுங்கினாள்.

"ஏண்டா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"ரெண்டு பேரும் சொல்லாதன்னு மாதா மேல சத்தியம் வாங்கினீங்க," என்றான் ஸ்டீவன். "நான் இன்னா பண்றது?"

அன்றைக்கு ஏற்பாடு ஆனது. ஞானம்மா புதிதாக ஒன்றும் எழுதக் கூடாது. தின்றால் ஆகியிருக்கும் காசு வாராவாரம் பாக்கியில் கழியும். சாயங்காலம் மூன்று பேரும் லாரிகளின் ஓரமாக ரயில்வே கேட் வரை நடந்து திரும்புவார்கள். முதல் வாரம் மோசஸுக்கு உயிரே போனது. கம்பி சுமந்து பசித்த வயிறு பஜ்ஜி வாசனைக்கு அழுதது. ஆனால் தப்ப வழியில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டீவன், "ஊதுப்பா," என்று வாயை மோந்து பார்ப்பான். அம்மாவையும் விடுவதில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவின் தராசில் ஐம்பத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவாகவே நின்றது. பையன் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தான். கழுத்துக் கறுப்பு போகவில்லை, கொஞ்சம் வெளுத்திருந்தது. ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை வேணாம். இப்படியே இருங்க," என்றார். ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். மோசஸ் நாலுதரம் கும்பிட்டான்.

பஸ் இறங்கி நேராகக் கடைக்குப் போனார்கள். ரெண்டு பக்கமும் சேர்த்து மீதி தொண்ணூற்றொன்று ஐம்பது. மோசஸ் தொண்ணூற்றிரண்டை எண்ணி வைத்தான். சில்லறை ஐம்பது காசுக்கு வழக்கம்போல ஞானம்மாவின் கை மிட்டாய் பாட்டிலுக்குள் போனது. மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு வெறுங்கையாக வெளியே வந்தது.

"நல்ல கிராக்கி மூணு போச்சு எனக்கு," என்றாள்.

"அந்த அம்பது காசை நீயே வெச்சுக்கக்கா," என்றாள் ஆரோக்கியமேரி.

ஞானம்மா காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து, அவன் பக்கத்தில் ஒரு கோடும் அவள் பக்கத்தில் ஒரு கோடும் குறுக்காகப் போட்டாள்.