சீர்ஷா என்று எழுதுங்கள்

லலிதாம்பாளுக்கு வலி எடுத்து இரண்டு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கணவன் கணபதிராமன் ஜட்கா பிடித்து அவளை மைசூரில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அன்று பிற்பகல் பெண் குழந்தை பிறந்தது. 1943ஆம் வருஷம், தை மாதம்.

பெற்றோரை இழந்த லலிதாம்பாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது தம்பி காளிதாஸ் ஒருவன்தான். அவனும் அப்போது ஜெயிலில் இருந்தான். அக்கா வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். முந்தைய ஆகஸ்டில் மாணவர்கள் ஊர்வலம் போனபோது கொடியோடு முன்வரிசையில் நடந்து பிடிபட்டான். கணபதிராமன் சர்க்கார் குமாஸ்தா. ஆபீஸில் அவனைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார்கள். ‘மேற்படி காளிதாஸுக்கும் எனக்கும் இனி எவ்விதச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அதை அவனே சொன்னான். லலிதாம்பாள் சண்டை போடவில்லை. சாதம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்பதற்கு மேல் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நாலு மாதம் அப்படியே ஓடியது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். திருச்சியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் தமிழ் பேசினாள். பெரிய டாக்டர் அவளை “நெல்லி, நெல்லி” என்று கூப்பிடுவதைக் கேட்டு லலிதாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது.

“எங்க பாஷையில நெல்லின்னா ஒரு காய். ஊறுகா போடுவோம்” என்றாள்.

“என் பெயர் நெல்லி இல்லை அம்மா” என்றாள் நர்ஸ், குழந்தைக்குத் துணி சுற்றிக்கொண்டே. “நுவாலா. டாக்டருக்கு அது வாயில் வராது. பத்து வருஷமாகச் சொல்கிறேன். அவரும் பத்து வருஷமாக நெல்லி என்கிறார். நான் ஆங்கிலேயச்சி இல்லை. அயர்லாந்துக்காரி.”

“நுவாலான்னா என்ன அர்த்தம்?”

“வெள்ளைத் தோள்.”

“தோளா! யாராவது தோளைப் பேரா வெப்பாளா?”

“உங்கள் ஊரில் கண்ணைப் பெயராக வைக்கிறீர்களே, மீனாக்ஷி, விசாலாக்ஷி என்று?”

லலிதாம்பாள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அதன்பிறகு தினமும் அந்தப் பேச்சுதான். நுவாலா தன் ஊர்ப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நீவ் என்றால் ஒளி. பிரிஜித் என்றால் உயர்ந்தவள். மேவ் என்றால் மயங்கவைப்பவள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்த காலத்தில் வாத்தியார்கள் அந்தப் பெயர்களையெல்லாம் மாற்றி நோட்டில் எழுதிவிட்டார்கள் என்றும், ஒரே பெண்ணுக்கு வீட்டில் ஒரு பெயர், நோட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டது என்றும் சொன்னாள்.

ஒரு நாள், தம்பி ஜெயிலில் இருப்பதை லலிதாம்பாள் அவளிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு யாரிடமும் சொல்லாத விஷயம். நுவாலா கைவேலையை நிறுத்தினாள்.

“என் அண்ணனும் இருந்தான்” என்றாள். “இங்கிலீஷ்காரன் ஜெயிலில், ஒன்றரை வருஷம். வெளியே வந்த பிறகு அவனுக்கு ஒரு பெண் பிறந்தது. சீர்ஷா என்று பெயர் வைத்தான். அது பழைய பெயர் இல்லை. அதற்கு முன்னால் யாரும் பிள்ளைக்கு வைத்து நான் கேட்டதில்லை. வெறும் வார்த்தை அது. விடுதலை என்று அர்த்தம். ‘இது எந்தப் புனிதரின் பெயரும் இல்லை, ஞானஸ்நானம் கொடுக்க மாட்டேன்’ என்றார் எங்கள் சாமியார். ‘அப்படியானால் பெயரில்லாமலே இருக்கட்டும், வீட்டில் நாங்கள் கூப்பிட்டுக்கொள்கிறோம்’ என்று அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.”

“அப்புறம்?”

“மூன்று வாரம் கழித்துச் சாமியாரே ஆள் அனுப்பினார்.”

லலிதாம்பாள் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். “சீர்ஷா” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, “அதை எப்படி எழுதறதுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்கோ” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கணபதிராமனிடம் பெயரையும் சொன்னாள், அர்த்தத்தையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“லலிதா, புண்ணியாகவாசனத்துக்கு சிரஸ்தேதார் வரார். ஆபீஸ்ல எனக்கு மேலே இருக்கறவர். இது தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?”

“உங்கம்மா பேரை நீங்க குழந்தை காதுல சொல்லுங்கோ, வேண்டாங்கலை. கூப்பிடற பேர் இதுதான்.”

அவன் கூடத்தில் மேலும் கீழும் நடந்தான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். “சீர்ஷம்னா ஸம்ஸ்கிருதத்துல தலை. யாராவது கேட்டா அப்படியே சொல்லிடலாம். நீ வாயைத் திறக்கப்படாது. சரிதானே?”

பெயர் வீட்டுக்குள் வந்தால் போதும் என்று லலிதாம்பாள் அப்போது நினைத்தாள்.

பதினோராம் நாள், பெயர் வைக்கும் சடங்கான புண்ணியாகவாசனம் நடந்தது. தட்டில் பரப்பிய அரிசியில் கணபதிராமன் மோதிரத்தால் தன் தாயார் பெயரான ராஜலக்ஷ்மி என்று எழுதினான். “கூப்பிடற பேர்?” என்று வாத்தியார் கேட்டார். அதற்குக் கீழே சீர்ஷா என்று எழுதினான்.

சிரஸ்தேதார் யக்ஞநாராயணன் சரிகைத் தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக் கிண்ணம் ஒன்று கொண்டுவந்திருந்தார். எட்டிப் பார்த்து, “சீர்ஷாவா? இதென்ன பேர், கேட்டதே இல்லையே?” என்றார்.

“சீர்ஷம், சார். தலை. எதுலயும் தலைமையா இருக்கணும்னு...” என்று கணபதிராமன் இழுத்தான்.

“பேஷ்! சிரஸ்தேதாருக்குள்ளேயும் அந்த சிரஸ்தான் இருக்கு. என் உத்தியோகத்தையே பொண்ணுக்கு வெச்சுட்டீரா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வெற்றிலையை மடித்தபடி பேசிக்கொண்டே போனார். “ஓய் கணபதிராமா, உமக்குப் புத்தி இருக்கு. அந்தப் பயலை அன்னிக்கே தலைமுழுகினீர் பாரும், அதான் உத்தியோகம் நிலைச்சுது. கெடக்கட்டும் உள்ளே. நாலு வருஷம் களி தின்னாத்தான் கொழுப்பு அடங்கும். இந்தக் குழந்தை மேல அவன் நிழல்கூடப் படப்படாது.”

கணபதிராமன் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சார்” என்றான்.

அந்த ‘ஆமா’வைத்தான் லலிதாம்பாளால் தாங்க முடியவில்லை. சமையலறை வாசலில் பெண்களோடு நின்றிருந்தவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு நடந்து வந்தாள். உடம்பில் இன்னும் பலம் வரவில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அது தலை இல்லை” என்றாள். “விடுதலை.”

யாருக்கும் புரியவில்லை.

“ஐரிஷ் பாஷை. இங்கிலீஷ்காரனைத் துரத்தின ஊர்ப் பாஷை. இவளோட மாமன் ஜெயில்ல இருக்கான், அதனாலதான் இந்தப் பேர் வெச்சேன். அவன் நிழல் படப்படாதுன்னேளே, அவன் நிழல்லதான் இவ வளரப் போறா.”

வாத்தியார் மந்திரத்தைப் பாதியில் விட்டார். பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி, “லலிதா, உள்ளே வா” என்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. சிரஸ்தேதார் மெதுவாக எழுந்து அங்கவஸ்திரத்தை உதறினார்.

“நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்” என்று கணபதிராமனிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் கணபதிராமன் தொங்கிய முகத்தோடு வந்தான்.

“நகரசபைப் பிறப்பு ரிஜிஸ்டர்ல ராஜலக்ஷ்மின்னு மட்டும் எழுதி, நகல் வாங்கிண்டு வரணுமாம். திங்கக்கிழமைக்குள்ள. இல்லேன்னா என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியுமாம்.”

“பண்ணட்டும்.”

“எழுத்துதானே லலிதா? ஆத்துல நீ எப்படி வேணும்னாலும் கூப்பிடு. யாரு கேக்கப்போறா?”

“அந்த ஐரிஷ் நர்ஸோட ஊர்லயும் இப்படித்தான் சொல்லியிருக்கா. ஆத்துல ஒரு பேர், நோட்டுல ஒரு பேர். அப்படித்தான் எல்லாம் போச்சாம். முடியாது.”

“நான் எழுதிக் கொடுத்ததுக்குப் பழி வாங்கறயா?”

லலிதாம்பாள் அவனை நேராகப் பார்த்தாள். “அதை நீங்க எழுதினேள். இதை நான் எழுதறேன்.”

சனிக்கிழமை காலை அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதும் அவள் குழந்தைக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாளைக்கு வாசல்படி தாண்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு மாமி குறுக்கே நின்றாள். “வேற யாரும் போகலையே மாமி, நான்தானே போகணும்” என்று சொல்லி ஜட்காவில் ஏறினாள்.

நகரசபை ஆபீஸில் ரிஜிஸ்டர் எழுதுகிறவர் வயதான கன்னடக்காரர். கைக்குழந்தையோடு வந்து நின்றவளைப் பார்த்துத் திகைத்து, முதலில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“யஜமானரு வரலியாம்மா?” என்று தெரிந்த தமிழில் கேட்டார்.

“பெத்தவ நான் வந்திருக்கேனே.”

அவர் ஆஸ்பத்திரிச் சீட்டைச் சரிபார்த்துவிட்டுப் பேனாவைத் தொட்டுக்கொண்டார். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார். “சாரதாவா?”

“இல்லே. சீர்ஷான்னு எழுதுங்கோ.” நுவாலா எழுதிக் கொடுத்த காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். அதில் ஐரிஷ் வழக்கப்படி இருந்த இங்கிலீஷ் எழுத்துக்களுக்கும் அவள் சொன்ன பெயருக்கும் ஒட்டே இல்லை. அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு எழுத்து எழுத்தாக அதைப் பார்த்து எழுதி, பக்கத்தில் கன்னடத்திலும் எழுதினார்.

“அர்த்த ஏனம்மா?” என்று கன்னடத்தில் பெயரின் பொருளைக் கேட்டார்.

“ஸ்வாதந்திரியம்.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மை ஒற்றும் காகிதத்தை அந்த வரியின்மேல் வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினார்.

அன்று சாயங்காலம் அவள் நகலைக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதை மூன்று தடவை படித்தான். பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் தூளி ஓரமாக உட்கார்ந்து, நெடுநேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“திங்கக்கிழமை இதையே கொண்டுபோய்க் குடுத்துடறேன்” என்றான்.

கொடுத்தான். ஒரு மாதத்தில் பாவகடாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மழை பெய்யாத ஊர், பாறையும் வெயிலும் என்று கேள்விப்பட்டவர்கள் பரிதாபப்பட்டார்கள். உத்தரவைக் காட்டியபோது அவன் அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். வருகிறவர்கள் நோட்டில் உறவுமுறையை எழுத வேண்டும். கணபதிராமன் பேனாவை வாங்கித் தன் பெயருக்கு எதிரே ‘அக்காள் கணவன்’ என்று எழுதினான். வார்டர், “நீங்க சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லவா சார், யோசிச்சு எழுதுங்க” என்று மெதுவாகச் சொன்னார். “யோசிச்சாச்சு” என்றான் கணபதிராமன். லலிதாம்பாள் அதைக் கேட்டும் கேட்காதவள்போல் நின்றாள். ஆனால் வீடு திரும்பும்போது, ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு, வழி நெடுக அவனோடு பேசிக்கொண்டே வந்தாள்.

காளிதாஸ் இளைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மருமகளைப் பார்த்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெயரையும் அதன் பொருளையும் கேட்டுவிட்டு, “அக்கா, இதை உள்ளே எல்லார்கிட்டேயும் சொல்வேன்” என்றான்.

பாவகடாவில் அவர்கள் ஐந்து வருஷம் இருந்தார்கள். கணபதிராமனுக்கு உத்தியோக உயர்வு வரவே இல்லை. தண்ணீருக்கு இரண்டு பர்லாங் நடக்க வேண்டும். கிணற்றடியில் முதல் நாளே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாதித் தெலுங்கும் பாதிக் கன்னடமுமாக, குழந்தையின் பெயர் என்ன, அது என்ன பெயர், அப்படி ஒரு பெயர் உண்டா என்று கேட்டார்கள். லலிதாம்பாள் குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் இருந்த பெண்ணைச் சரியாகத் தூக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, பெயரைச் சொல்லி, பொருளையும் சொன்னாள்.